உடம்பு எடுத்த முடிவு: பயம், அதிர்ச்சி, மன அழுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் பெய்த மழையை நெல்லைச் சீமையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஆறு நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தது, சிந்துபூந்துறைக்குள் வந்தது, ஏரல் கடைத்தெருவை மூழ்கடித்தது. நான் மனநலத்தில் சமூகப் பணி செய்கிறவள். வெள்ளம் வடிந்த பிறகு முகாம்களிலும் வளவுகளிலும் உட்கார்ந்து பேசும்போது மக்கள் கேட்ட கேள்விகளைக் குறித்து வைத்திருந்தேன். வெள்ளத்தில் ஆரம்பித்த பேச்சு அடி, கடன், பழைய காயம் என்று பல பக்கம் போனது. அவையும் இதில் இருக்கின்றன.

வீட்டுக்குள் தண்ணி வந்ததும் நான் சிலை மாதிரி நின்னுட்டேன். பக்கத்து வீட்டு மைனிதான் என் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடினாங்க. பெத்தவ நானே அப்படி நின்னா, நான் என்ன தாய்?

அதிகம் பேர் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். ஆண்களும் கேட்டார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

அம்மா, அந்த நிமிடம் முடிவெடுத்தது நீங்கள் இல்லை. உங்கள் பாசத்தைக் கேட்டுக்கொண்டு உங்கள் உடம்பு முடிவெடுக்கவில்லை. யோசிக்கிற மூளைக்குச் சேதி போய்ச் சேருவதற்கு முன்னாலேயே, அதைவிடப் பழைய ஒரு பகுதி கையையும் காலையும் பிடித்துக்கொண்டது. பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிறவர்களும் நிற்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் பாய்ந்து போய்த் தூக்குவார். இதை வைத்து யாருடைய பாசத்தையும் அளக்க முடியாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ராத்திரி எங்கள் வாசல்படி தாண்டித் தண்ணீர் வந்தபோது, உள்ளறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பீரோவைத் திறந்து ரேஷன் கார்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. அம்மாவே எழுந்து வந்து, "ஏட்டி, என்ன நிக்க?" என்று உலுக்கிய பிறகுதான் எனக்குக் காது கேட்டது. இத்தனை வருடம் இதைப் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவள் நான். படித்திருந்தாலும் உடம்பு அதன் வழியில்தான் போகும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

அந்த ஒரு நொடியில் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

மூளையின் உள்ளே, இரண்டு பக்கமும் பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. வீட்டுக் காவல் நாய் மாதிரி. வருவது திருடனா தபால்காரரா என்று விசாரிப்பதற்கு முன்னால் குரைத்துவிடும். அது குரைத்ததும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்கு நரம்பு வழியாக ஆள் அனுப்புகிறது. சில நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் கலந்துவிடும். கொஞ்சம் பிந்தி கார்ட்டிசால் வந்து சேரும். அது உச்சத்துக்கு ஏற 20, 30 நிமிடம் ஆகும்.

அப்புறம் நடப்பதை நம் ஆச்சிமார் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள். "நெஞ்சு திக்திக்குன்னு அடிச்சுது": கைகால் தசைகளுக்கு ரத்தம் வேண்டும் என்று இதயம் வேகமாக அடிக்கிறது. "அடிவயிறு கலங்கிச்சு": செரிமானத்துக்குப் போகிற ரத்தம் குறைந்துவிடுகிறது. "நாக்கு ஒட்டிக்கிச்சு": எச்சில் சுரப்பது குறைந்துவிடுகிறது. "முகம் வெளுத்துப் போச்சு": தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. "கை வெடவெடன்னு ஆடிச்சு": ஓடத் தயாரான தசைக்கு ஓட்டம் கிடைக்கவில்லை. மனதில் எழுவது மெய்யில் தெரிவதை மெய்ப்பாடு என்று சொன்ன மொழி நம்முடையது. நம்மவர்கள் இதைக் கவனித்துப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற, திட்டம் போடுகிற மூளைப் பகுதி அந்த நேரத்தில் மங்கிவிடுகிறது. அதனால்தான் சொந்த வீட்டுக்காரரின் போன் நம்பர் மறந்துபோகிறது, தினமும் திறக்கிற பூட்டுக்குச் சாவி சேர மாட்டேன் என்கிறது.

"சண்டை போடு, இல்லை ஓடிவிடு", இந்த இரண்டுதானே?

அந்த இரண்டைத்தான் முதலில் எழுதினார்கள். ஹார்வர்டில் இருந்த வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-இல் எழுதிய நூலில், ஆபத்தில் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று விளக்கினார். பிறகு வந்தவர்கள் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: உறைந்து நிற்பது, இணங்கிப் போவது.

சண்டை எப்போதும் அடிதடியாக வருவதில்லை. முகாமில் சோற்றுப் பொட்டலம் கொடுக்க வந்த பையன்களை ஒரு பெரியவர் கண்டபடி திட்டினார். அவருடைய மாடுகள் எல்லாம் போய்விட்டிருந்தன. அவர் திட்டியது அந்தப் பையன்களை இல்லை, ஆற்றை. சாயங்காலம் அந்தப் பையன்களில் ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஓட்டம் எந்தப் பக்கம் போகும் என்பதும் நம் கையில் இல்லை. 1999 ஜூலை 23-ஆம் தேதி, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் போன ஊர்வலத்தில் தடியடி நடந்தபோது கூட்டம் ஆற்றுப் பக்கம் ஓடியது. 17 பேர் இறந்தார்கள். "தண்ணின்னு தெரிஞ்சும் ஏன் ஆத்துல இறங்கினாங்க?" என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் அடி விழும்போது உடம்பு வரைபடம் பார்ப்பதில்லை. எந்தப் பக்கம் திறந்து கிடக்கிறதோ அந்தப் பக்கம் போகும். இறந்தவர்கள் மேல் பழி போடுகிற அந்தக் கேள்வியை இனியாவது நாம் கேட்காமல் இருக்க வேண்டும்.

உறைந்து நிற்பதால் யாருக்கு என்ன லாபம்? இயற்கை ஏன் இப்படி ஒன்றை வைத்திருக்கிறது?

களக்காடு, முண்டந்துறைப் பக்கம் காட்டில் மிளா மானைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஏதோ வாடை பட்டதும் மிளா ஓடாது. காதை நிமிர்த்தி, அசையாமல் நிற்கும். அசைகிற இரையைத்தான் வேட்டை மிருகம் சட்டென்று கண்டுபிடிக்கும். நிற்கிற அந்த நேரத்தில் எங்கே ஆபத்து, எங்கே வழி என்று அது அளந்துகொள்கிறது. இது ஒரு வகை உறைதல். வெளியே அசைவில்லை, உள்ளே முழு விழிப்பு.

இரண்டாவது வகை இன்னும் ஆழம். பருந்தின் நகத்தில் சிக்கிய கோழிக்குஞ்சு செத்ததுபோல் கிடக்குமே, அது. ஓட வழியில்லை, எதிர்க்கப் பலமில்லை என்று உடம்பு தீர்மானித்துவிட்டால் தசை செயலிழந்து போகிறது, குரல் எழும்புவதில்லை, வலிகூட மரத்துப் போகலாம். மனிதர்களுக்கும் இது வரும். முக்கியமாகப் பாலியல் வன்முறையில் வரும்.

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "கத்தியிருக்கலாமே", "தள்ளிவிட்டு ஓடியிருக்கலாமே" என்று அந்தப் பெண்ணிடம் வீட்டார் கேட்கிறார்கள், சில நேரம் அவளே தன்னைக் கேட்டுக்கொள்கிறாள். வாய் திறக்கவில்லை என்றால் திறக்க முடியவில்லை என்று அர்த்தம். சட்டமும் இதை ஒத்துக்கொண்டிருக்கிறது. உடம்பால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துப் பெண் சம்மதித்தாள் என்று கொள்ளக் கூடாது என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2013-இல் திருத்திய பாலியல் வன்கொடுமைப் பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு பெண் இப்படி ஒன்றைச் சொன்னால் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை, "நீ சொல்றதை நான் நம்புறேன்."

என் அக்கா, அடிக்கிற அத்தானுக்கே உடனே காபி போட்டுக் கொடுக்கிறாள், சிரித்துப் பேசுகிறாள். ரோஷமே கிடையாதா?

அந்தக் காபிதான் அவளுடைய கேடயம். எதிர்த்தால் அடி கூடும், ஓடினால் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும், நின்றாலும் அடி. மிச்சம் இருக்கிற ஒரே வழி, எதிரில் இருப்பவரின் கோபத்தைத் தணிப்பது. அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு மனநிலை எப்படி என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இதை இணங்கிப் போதல் என்கிறோம். சின்ன வயதிலேயே அடியும் ஏச்சும் வாங்கி வளர்ந்தவர்கள் பெரியவர்களான பிறகும், எல்லாருக்கும் "சரி, சரி" என்று தலையாட்டுவதில் இதன் சாயல் இருக்கும்.

அக்காவிடம் ரோஷத்தைப் பற்றிப் பேசாதீர்கள். எந்த ராத்திரியும் வந்து தங்க உங்கள் வீட்டில் இடம் உண்டு என்று சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. அதை அவள் போனில் வேறு பெயரில் பதிந்து கொடுங்கள்.

ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறேன். இதுவும் அதே வகையா?

சொந்தக்காரன்தான். இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் திடீரென்று இறங்குவதால் வருகிறது. கண் இருட்டினால் உடனே படுத்துக் காலை உயர்த்தி வையுங்கள். காரணமே இல்லாமல் அடிக்கடி மயக்கம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

யார் எப்படி நடப்பார்கள் என்று முன்னாலேயே சொல்ல முடியுமா?

முடியாது. பட்டாளத்துக்குப் போய் வந்தவர் உறைந்து நிற்பதையும், கரப்பான்பூச்சிக்கு அலறுகிறவள் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கிழவிகளைத் தூக்கி வந்ததையும் பார்த்தேன். ஒரே ஆள் ஒரு ஆபத்தில் ஓடுவார், அடுத்ததில் நிற்பார். ஆனால் பழக்கம் உதவும். உவரிக் கடலில் போகிறவர்களுக்குப் படகு கவிழ்ந்தால் கை என்ன செய்ய வேண்டும் என்பது கைக்கே தெரியும். யோசிக்கிற மூளை மங்கும்போது, திரும்பத் திரும்பச் செய்து பழகியது மட்டும் மிஞ்சும்.

ரயிலில் மாட்டிக்கொண்டதை என் தம்பி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறான். பொய் சொல்கிறானா?

இவருடைய தம்பி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலில் இருந்தவர். வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற அந்த ரயிலில் சுமார் 800 பேர் இருந்தார்கள். கடைசிப் பயணிகள் மீட்கப்பட்டது 19-ஆம் தேதி.

பொய் இல்லை. பயத்தின் உச்சத்தில் நினைவு வரிசையாகப் பதிவதில்லை. ஒரு குழந்தையின் அழுகை, ஈர மண்ணின் வாடை, யாரோ கொடுத்த பிஸ்கட் என்று துண்டுதுண்டாக, ஆனால் ஆழமாகப் பதியும். எது முன்னால், எது பின்னால் என்பது குழம்பும். அஞ்சு நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியும். அவரைக் குறுக்கு விசாரணை செய்யாமல் கேளுங்கள். எந்தத் துண்டை அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறாரோ, அங்கேதான் வலி இருக்கிறது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு. இப்போது போய் ஏன் நடுக்கம், தூக்கமின்மை? எப்போது கவலைப்பட வேண்டும்?

ஆபத்து போனதும் உடம்பு உடனே நம்பாது. முதல் சில வாரம் தூக்கம் கெடும், கதவு சாத்துகிற சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடும், கனவு வரும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். பெரும்பாலானவர்களுக்கு இது மெல்லத் தணிந்துவிடும்.

ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி இப்போது நடப்பதுபோல் கண்முன் வருகிறதா? ஆற்றுப்பாலத்தைத் தவிர்க்க ஊரைச் சுற்றிப் போகிறீர்களா? பிள்ளை சிரித்தாலும் மனம் மரத்துக் கிடக்கிறதா? வேலைக்குப் போக முடியவில்லையா? அப்படியென்றால் உதவி தேவை. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று அதற்குப் பெயர். இந்தப் பெயரில் அமெரிக்க மனநலக் கையேட்டில் 1980-இல்தான் சேர்த்தார்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக, பாதுகாப்பாகத் தொட்டுப் பழக்குகிற பேச்சு சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது. தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்பார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் ஒரு மாதம், ஒரு வாரம் என்று கணக்குப் பார்க்கவே கூடாது. அன்றைக்கே பேசிவிட வேண்டும்.

"பயந்த கோளாறு" என்று விபூதி போட்டு, தர்காவில் ஓதி, கயிறு கட்டினோம். தப்பா?

தப்பில்லை. பயந்த பிள்ளையைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்து, நெற்றியைத் தொட்டு, "ஒண்ணுமில்லலே, போயிரும்" என்று மெதுவான குரலில் சொன்னால் அந்த உடம்பு தணியத்தான் செய்யும். மேலப்பாளையத்தில் ஓதிப் பார்க்க வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் விபூதி போட்டார்கள், எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

ஆனால் பேய் ஓட்டுகிறேன் என்று அடிப்பது, பட்டினி போடுவது, சங்கிலியில் கட்டுவது எல்லாம் ஏற்கெனவே பயந்த உடம்பின் மேல் இன்னொரு பயத்தை ஏற்றுகிற கொடுமை. மனநலப் பாதிப்பு உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. கயிறும் கட்டுங்கள், குணமாகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள்.

நடந்ததை உடனே எல்லாம் சொல்ல வைத்துவிட்டால் மனபாரம் இறங்கிவிடுமா?

முன்பு அப்படித்தான் நம்பினார்கள். எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, ஒரே அமர்வில் நடந்ததை விவரிக்க வைப்பார்கள். இதை இப்போது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. 2011-இல் வந்த அதன் வழிகாட்டி மூன்று வேலை சொல்கிறது: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது, அவர்கள் சொல்ல விரும்புவதை மட்டும் கேட்பது, சாப்பாடு, மருந்து, சொந்தக்காரர்கள் என்று தேவையானதோடு இணைத்துவிடுவது. ஒருவருக்குக் காய்ந்த துணி கொடுப்பதும், அவருடைய அண்ணனுக்குப் போன் போட்டுக் கொடுப்பதும் மனநல உதவிதான்.

"அழாதே", "உனக்காவது உசுரு மிஞ்சிச்சு, அவங்களைப் பாரு" என்று சொல்ல வேண்டாம். கேமராவோடு போய் "அப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறவர்களைத் தயவுசெய்து தள்ளி நிறுத்துங்கள்.

ஏழு வயது மகன் திரும்பவும் படுக்கையில் மூத்திரம் போகிறான். வாளித் தண்ணீரில் தீப்பெட்டியை மிதக்கவிட்டு மூழ்கடித்து மூழ்கடித்து விளையாடுகிறான். என்ன செய்ய?

அடிக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். பயந்த பிள்ளைகள் வயதில் இரண்டு படி கீழே இறங்குவார்கள். விரல் சூப்புவது, முந்தானையை விடாமல் பிடிப்பது எல்லாம் இதில் சேரும். விளையாட்டு அவன் பேசுகிற மொழி. பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தத் தீப்பெட்டியை யாரு காப்பாத்த வரா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம் மூன்றும் பழைய நேரத்துக்கு வந்தால் பாதி சரியாகும். வாரக்கணக்கில் மாறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எனக்கு வெள்ளமும் இல்லை, விபத்தும் இல்லை. பீடி சுற்றுகிறேன், வாரவட்டி கட்டுகிறேன். ஆனாலும் எப்போதும் நெஞ்சு படபடப்பு. ஏன்?

1000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி எண்ணி வாழ்கிற வீட்டில், செவ்வாய்க்கிழமை வட்டிக்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் உங்கள் அமிக்டலாவுக்கு அதுவும் வெள்ளம்தான். வித்தியாசம் என்னவென்றால், வெள்ளம் வடிந்துவிடும், வட்டி வாராவாரம் வரும். ஒரு அவசரத்துக்கு என்று வைத்திருக்கிற ஏற்பாடு நாள் முழுவதும் ஓடினால் தூக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை, மாதவிடாய் எல்லாவற்றையும் தொடும். ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936-இலேயே எலிகளிடம் இதைப் பார்த்தார். துன்பம் எந்த வகையாக இருந்தாலும் உடம்பு ஒரே மாதிரி எதிர்வினை காட்டியது, அது நீண்டபோது உடம்பு களைத்து ஓய்ந்தது.

மூச்சுப் பயிற்சியை மட்டும் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. கடனைக் குறைக்க வழி தேடுவதும் இதற்கு வைத்தியம்தான். குழுவிலோ வங்கியிலோ குறைந்த வட்டிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். வட்டிக்காரர் வரும் நாளில் தனியாக இருக்காதீர்கள்.

படபடப்பு வந்த அந்த நிமிடத்தில் என்ன செய்யலாம்?

மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடுவதில் கவனம் வையுங்கள். சூடான கருப்பட்டிக் காபியை ஊதுவதுபோல் நீளமாக ஊதி விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. உள்ளங்காலைத் தரையில் அழுத்துங்கள். கண்ணில் படுகிற அஞ்சு சாமானின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் உறைந்து நின்றால் கத்தாதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரே ஒரு சின்ன வேலை சொல்லுங்கள்: "செல்வி, என் கையைப் பிடி."

ஒரு குவார்ட்டர் போட்டால் தூக்கம் வருகிறதே?

வரும், பாதி ராத்திரியில் கலையும். கனவு நிற்காது, அளவு கூடும். வேண்டாம்.

எங்கே போய்ப் பார்ப்பது?

14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 2022 முதல் இருக்கிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. நேரில் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. "பைத்தியத்துக்குப் பாக்குற இடம்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். போகத் தயங்குகிறவரோடு துணைக்கு ஒருவர் போனால் பாதித் தயக்கம் போய்விடும்.

மறுபடியும் டிசம்பர் வருகிறது. தகரத்தில் மழை விழுந்தாலே எங்கள் அம்மா எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.

என் அம்மாவும்தான். நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஐப்பசி பிறந்ததும் ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வைத்துவிடுகிறோம். டார்ச் அம்மா தலைமாட்டில். தண்ணீர் வந்தால் யார் வீட்டு மாடிக்குப் போவது என்று பேசி வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை நடந்தும் பார்த்துவிட்டோம். பலத்த மழை பெய்கிற ராத்திரியில் "தூங்கும்மா" என்று சொல்வதில்லை. நானும் எழுந்து பக்கத்தில் உட்கார்கிறேன். வாசல் விளக்கைப் போட்டு, படியில் தண்ணீர் இல்லை என்று இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். போன வருடம் ஒரே ராத்திரியில் நாலு தடவை பார்த்தோம். இந்த வருடம் நேற்று பெய்த மழைக்கு ஒரு தடவைதான் எழுந்தாள்.